மாமன் மகளுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

ராமுலுவின் படம் பேப்பரின் முதல் பக்கத்தில் வந்த அன்று, பங்காரம்மா பதினோரு மணி வரை குளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தேழு வயதில் அப்படி ஒரு நாளும் அவள் உட்கார்ந்ததில்லை. வாத்தியார் வேலையில் முப்பத்தாறு வருடம், எட்டரை மணிக்குத் தலை துவட்டி, சேலைக்குப் பின் குத்தி, பஸ்ஸுக்கு நின்றவள் அவள்.

நாட்டுக்கே புதிதாகக் கல்விக் கொள்கை எழுத டெல்லியில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதற்குத் தலைவர் கோயமுத்தூர் மில் முதலாளி ராமுலு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படத்தில் ராமுலு சிரித்துக்கொண்டிருந்தான். பல் வரிசை புதுசு.

"உங்க பாவா படம் நல்லா உளுந்திருக்குது," என்றார் கெங்குசாமி. பங்காரம்மாவின் வீட்டுக்காரர். ஒரு மில்லில் பிட்டராக இருந்து, மில்லை மூடியதும் வீட்டோடு இருப்பவர். தெலுங்கு பேசுகிற அவர்கள் வீடுகளில் அத்தை பையனைப் பாவா என்றுதான் கூப்பிடுவது.

"இந்த நாட்டுல படிச்சவங்களுக்கா பஞ்சம்?"

"படிச்சவங்க நெறைய இருக்கறாங்க. கட்சிக்குக் குடுத்தவங்க இருக்கோணுமல்ல."

அவர் தமாஷுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். பங்காரம்மாவுக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இந்த உறவைச் சொன்னால்தான் அந்த எரிச்சல் விளங்கும். சூலூருக்கு வடக்கே, கரிசல் காட்டில் பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்த காலத்தில், வெங்கடப்பன் என்பவருக்கு இரண்டு மக்கள். மூத்தது பெண், லட்சுமம்மா. அவளைக் கட்டிக்கொடுத்தது மூன்று கிணறும் பஞ்சரைக்கிற பாக்டரியில் பங்கும் உள்ள வீட்டில். இளையவர் சீனிவாசலு, அக்கா வீட்டுக் காட்டையே குத்தகைக்கு உழுதவர். லட்சுமம்மா பெற்றது ராமுலு. சீனிவாசலு பெற்றது பங்காரம்மா. இரண்டு பேருக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பங்காரம்மா எப்போதும் முதல். ராமுலு எப்போதும் கடைசிப் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருப்பான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நிற்பான்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பங்காரம்மாவுக்குத் தொண்ணூற்று இரண்டு. ராமுலுவுக்குப் பதினேழு. அந்த மார்க் யாருக்கும் இப்போது நினைவில்லை, ராமுலுவுக்கே இருக்குமோ என்னவோ. பங்காரம்மா மட்டும் ஐம்பது வருடமாக அதை மறக்கவில்லை.

அவளுக்குக் காலேஜுக்குப் போக ஆசை. சீனிவாசலுவால் முடியவில்லை. டீச்சர் டிரெயினிங்கோடு நிறுத்திக்கொண்டாள். ராமுலு மறுபடி எழுதினான், மறுபடி தவறினான், பிறகு அப்பனோடு பஞ்சு மூட்டை எண்ணப் போய்விட்டான். எண்ணி எண்ணி ஒரு மில் ஆயிற்று, ஒன்று மூன்றாயிற்று. அப்புறம் அவன் பேரில் இரண்டு பள்ளிக்கூடம், ஒரு காலேஜ்.

இடையில் இன்னொன்று நடந்தது. இரண்டு பேருக்கும் இருபது வயதில், லட்சுமம்மா தம்பி வீட்டுக்குப் பூவும் வெற்றிலையுமாக வந்து, உன் மகள் என் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு மாதம் அந்தப் பேச்சு ஓடியது. ஒன்பதாம் மாதம் பீளமேட்டில் ஒரு மில்காரர் வீட்டில் ராமுலுவுக்கு நிச்சயம் என்று ஆள் வந்து சொன்னது. பங்காரம்மாவுக்கு அவன்மேல் ஆசை இருந்ததா என்றால் கிடையாது. கணக்கில் பதினேழு வாங்கியவனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அதுவரை அவளே அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் வேண்டாம் என்ற சொல் தன் வாயிலிருந்து போயிருக்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டதே என்பது அவளுக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் அவள் வேறு கண்ணோடுதான் போனாள். அவன் பெண்டாட்டி கழுத்தைப் பார்ப்பாள். மாடிப்படியின் கல்லைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் கெங்குசாமியிடம், "அத்தன பெரிய ஊட்டுல ஒரு புஸ்தகம் கண்ணுல படலீங்க," என்பாள். முதல் வேலை வெள்ளகோவிலில், பிறகு பல்லடம், கடைசிப் பதினான்கு வருடம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடியில் நொச்சிப்புதூர் என்ற சின்ன ஊரின் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. மாவட்ட நல்லாசிரியர் பட்டியலில் அவள் பெயர் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் விடுபட்டுவிட்டது. இரண்டாம் தடவை பெயர் விடுபட்ட அதே வருடம், ராமுலுவுக்குக் கல்விக் காவலர் என்று ஏதோ ஒரு சங்கம் பட்டம் கொடுத்தது. அந்த விழாவின் அழைப்பிதழும் தபாலில் அவளுக்கு வந்தது, மாமன் மகள் என்ற மரியாதைக்கு.

இப்போது இது.

பங்காரம்மா வீடு இருக்கிற தொண்டாமுத்தூரில் நசுருதீன் பேக்கரிதான் ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்குச் சாயங்கால இடம். ராமுலுவின் செய்தி வந்த வாரம் அங்கே டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சு.

"என்ற பையன் அவரு காலேஜ்ல பாதி பீசுலதான் படிச்சானுங்க. நானெப்படிங்க குத்தஞ் சொல்றது?" என்றார் நசுருதீன், பன்னை அறுத்துக்கொண்டே.

"பாதி பீசு வாங்கினது அவரு தருமம். அதுக்குக் கும்புடு போட்டுக்கலாம்," என்றார் சுப்பண்ணன். ஆசிரியர் சங்கத்தில் நாற்பது வருடம் கொடி பிடித்தவர். "கொள்கை எழுதறது தருமமில்லீங்க. அது வேல. அவருக்கே ரண்டு பள்ளிக்கூடம் இருக்குது. அவரே பள்ளிக்கூடத்துக்கெல்லாம் விதி எழுதினா, விதி யாரு பக்கம் சாயும்?"

"அரசாங்கத்துல இருக்கறவங்க எழுதி என்னத்தக் கிழிச்சாங்க? மில்லு நடத்தறவருக்கு எதையும் நடத்தத் தெரியும்," என்றார் இன்னொருவர்.

"கட்சிக்கு அள்ளிக் குடுத்தாரு. அவங்க ஒரு நாற்காலியப் போட்டுக் குடுத்தாங்க. இதுல மில்லெங்க வந்துது?"

பங்காரம்மா வர்க்கி வாங்க வந்தவள், நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுப்பண்ணன் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அந்த நியாயத்துக்குக் கீழே தனக்கு வேறொன்றும் இருக்கிறது என்பதும் தெரியும். நாற்காலி தப்பான ஆளுக்குப் போய்விட்டது என்று மற்றவர்கள் பேசினார்கள். பங்காரம்மாவுக்குத் தோன்றியது, அது தன்னுடைய நாற்காலி என்று. இதை யாரிடம் சொல்வது, சிரிப்பார்கள்.

தை கழிந்து மாசியில் குழுவின் முன்வரைவு வந்தது. அதில் ஒரு பத்தி: இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம். நொச்சிப்புதூரில் படிப்பது பத்தொன்பது பிள்ளைகள். பக்கத்துப் பெரிய பள்ளி நான்கு கிலோமீட்டர் கீழே. நடுவில் தென்னந்தோப்பும் ஓடையும். அந்த ஓடை வழியாகத்தான் யானை இறங்கி ஏறுவது.

நொச்சிப்புதூரிலிருந்து ஆறு தாய்மார் பங்காரம்மா வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவள் மதிவதனி. தோட்ட வேலைக்குப் போகிறவள், முப்பது வயது இருக்கும். பெரியவன் எழில் மூன்றாம் வகுப்பு, சின்னது அடுத்த வருடம் சேர வேண்டும்.

"கோயமுத்தூருல கருத்துக் கேக்கறாங்களாமாங்க, டீச்சர். அவரு உங்களுக்குச் சொந்தம்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா எங்க பள்ளிக்கூடம் பொழச்சுக்கும்."

"சொந்தத்துக்குப் போய்ச் சொல்ல மாட்டேன் கண்ணு. கூட்டத்துல எல்லாரு முன்னாலயும் சொல்றேன்."

சொல்லும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது. சுப்பண்ணன் எல்லோருக்கும் பெயர் பதிவு செய்து டோக்கன் வாங்கினார். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம், பெல் அடித்தால் நிறுத்திவிட வேண்டும். பங்காரம்மாவுக்கு முப்பத்தேழு. அதற்கு அடுத்த ஆறு எண்ணும் நொச்சிப்புதூர்த் தாய்மாருக்கு.

"டீச்சர், பள்ளிக்கூடத்த மட்டும் பேசுங்க," என்றார் சுப்பண்ணன். "சொந்தம் பந்தம் எதையும் இழுக்க வேண்டாங்க."

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் பங்காரம்மா.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது ஏழு வரியில் முடிந்துவிட்டது. ராமுலுவைப் பற்றி எழுதியது நான்கு பக்கம் போயிற்று. கெங்குசாமி இரண்டையும் எடுத்துப் பார்த்தார்.

"இதுல எதப் படிக்கப் போற?"

"ரண்டும்."

"மூணு நிமிசத்துலயா?"

பங்காரம்மா கையை நீட்டினாள். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலுக்கு வெளியே சுப்பண்ணனின் ஆட்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, பணத்துக்குப் பதவியா என்று கோஷம் போட்டார்கள். எதிர்ப்பக்கம் ராமுலுவின் காலேஜ் பிள்ளைகள் கல்வி வள்ளல் வாழ்க என்றார்கள். நடுவில் போலீஸ். மண்டபத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு வேறு எதுவும் பழக்கமில்லை, ஆகையால் உள்ளே போகிறவர்கள் எல்லோர் மேலும், கறுப்புத் துணி கட்டியிருந்தவர்கள் மேலும்கூட, பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டினார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில் ராமுலு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டெல்லியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள்.

கூட்டத்தைக் கண்டதும் நொச்சிப்புதூர்த் தாய்மாருக்குப் பயம் வந்துவிட்டது. டீச்சர் பேசினால் போதும், நாங்கள் எதற்கு என்று ஐந்து பேர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மதிவதனி மட்டும் கொடுக்கவில்லை. எழிலுக்குக் காட்டலாம் என்று பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தாறு பேர் பேசினார்கள். சில பேர் வாழ்த்தினார்கள், சில பேர் வைதார்கள். ஒருவர், உங்களுக்கு இந்தப் பதவிக்கு என்ன தகுதி என்று நேராகவே கேட்டார். ராமுலு எதற்கும் முகம் மாறவில்லை. தலையை ஆட்டுவான், எழுதிக்கொள்ளச் சொல்லுவான். அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்கப் பங்காரம்மாவுக்கு உள்ளே கொதித்தது. பெஞ்சின் மேல் நின்றபோதும் இப்படித்தானே நின்றான்.

"முப்பத்தேழு."

மைக்குக்கு முன்னால் நின்றாள். கையில் ஏழு வரித் தாள்தான் இருந்தது. இரண்டு வரி படித்தாள். ராமுலு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்தான். அவ்வளவுதான். தாள் கீழே இறங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்தப் பத்திச் சொல்றதுக்கு முன்னால, இங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியோணும்ங்க. மேடைல இருக்கறவரு எங்க அத்த பையன். ஒண்ணாவதுல இருந்து நானும் அவரும் ஒரே வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி.ல கணக்குல பதினேழு மார்க்குங்க. ரண்டாம் தடவ எழுதியும் தேறல. பதினேழு வாங்கினவரு நாட்டுக்குப் பாடத் திட்டம் எழுதறதுன்னா, தொண்ணூத்தி ரண்டு வாங்கி முப்பத்தாறு வருசம் சாக்பீஸ் புடிச்சவங்க எல்லாம் என்னத்துக்குங்க?"

மண்டபத்தில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பங்காரம்மாவுக்குக் காது ஜிவ்வென்று ஆகிவிட்டது. இத்தனை வருடம் வயிற்றில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது. பெஞ்சின் மேல் நின்றதைச் சொன்னாள், வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது என்பதைச் சொன்னாள்.

ராமுலு மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"பதினேழு இல்லீங்க," என்றான். "பதினாலு. மாமன் மகள், பாசத்துல மூணு மார்க் கூட்டிக் குடுத்துட்டாங்க."

கைதட்டிய அதே கைகள் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தில் மாமன் மகள் மாப்பிள்ளையைக் கேலி செய்வாள். செருப்பை ஒளித்து வைப்பாள், பாயசத்தில் உப்புப் போடுவாள், உன் மூஞ்சிக்கு இது போதும் என்பாள். முறை உள்ளவள் எதைச் சொன்னாலும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது; கோபித்துக்கொண்டவனைத்தான் ஊர் ஏசும். ராமுலு அதை நன்றாகப் பிடித்துக்கொண்டான். யாரோ ஒரு டீச்சர் சொல்லியிருந்தால் அந்தப் பதினேழு மார்க் அவனைக் குத்தியிருக்கும். அத்தை பையன் என்று அவளே வாயால் சொன்ன பிறகு, அது மாமன் மகளின் கேலி. அதுவும் கல்யாண மண்டபத்தில்.

"பாவாவக் கேலி பண்ண இவங்களுக்கு இல்லாத உரிம யாருக்குங்க இருக்குது?" என்று சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி வந்தான். தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போட்டான். நாலு பக்கமும் கேமரா மின்னியது. அவள் வாயைத் திறந்தாள். பெல் அடித்தது.

ஏழு வரியில் ஐந்து வரி அப்படியே கையில் இருந்தது.

இடத்துக்குத் திரும்பும்போது ஒரு நிருபர் பையன் கூடவே வந்தான். "ஏனுங்க மேடம், முறைப்பொண்ணுன்னா, அப்ப உங்களுக்குள்ள கல்யாணப் பேச்சு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. சுப்பண்ணன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்து தாய்மாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு," என்று கூப்பிட்டார்கள்.

மதிவதனி பர்ஸைத் திறந்து டோக்கனை எடுத்தாள். பங்காரம்மாவிடம் நீட்டினாள்.

"டீச்சர், இந்தாங்க. நீங்களே போய்ச் சொல்லீருங்க. எனக்குப் பேச வராதுங்க."

பங்காரம்மாவின் கை அதற்குள் நீண்டுவிட்டது. இன்னும் மூன்று நிமிடம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது: பதினாலு இல்லை, பதினேழுதான், மார்க் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். டோக்கனைத் தொட்டபோதுதான் தான் சொல்லப்போவது என்ன என்று அவளுக்கே உறைத்தது. பத்தொன்பது பிள்ளைகளின் மூன்று நிமிடத்தை வாங்கிக்கொண்டு, மூன்று மார்க்குக்குச் சண்டை போடப்போகிறாள்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே போ அம்மணி," என்றாள். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "யானை வர்றதச் சொல்லு. போதும்."

மதிவதனி போனாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, யாரோ வந்து இறக்கிவிட்டார்கள்.

"எந்த ஊரு அம்மணி? யாரு ஊட்டுப் பொண்ணு?" என்றான் ராமுலு, அதே சிரிப்போடு.

"பொறந்தது வெள்ளகோவிலுங்க. வாக்கப்பட்டது நொச்சிப்புதூருங்க. உங்களுக்கு எங்க ஊட்ல யாரையும் தெரியாதுங்க. நாங்க தோட்டத்து வேலைக்குப் போறவங்க."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதில் பிடித்துக்கொள்ள உறவு ஒன்றும் இல்லை.

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்த மூடிக் கீழ சேத்தறதா எழுதியிருக்கறீங்களாமாங்க. கீழ போறதுக்கு நாலு கிலோமீட்டருங்க. ஓடையத் தாண்டிப் போகோணும். காத்தால ஏழு, ஏழரைக்கு யானை தோப்புல இருந்து மேல ஏறும்ங்க. எங்க புள்ளைங்க கீழ எறங்கற நேரமும் அதாங்க. போன வருசம் பால் ஊத்தப் போனவர அந்த எடத்துலதானுங்க அடிச்சுப்போட்டுது. எங்க பையனுக்கு எட்டு வயசுங்க. அவனால ஓட முடியாதுங்க."

மண்டபம் அடங்கிவிட்டது. ராமுலு முன்னால் சாய்ந்தான்.

"கவலப்படாத அம்மணி. உங்க ஊருக்கு நானே ஒரு வேன் வாங்கிக் குடுத்தர்றேன். என்ற சொந்தப் பணத்துல. டீசல், டிரைவர் எல்லாம் நானே பாத்துக்கறேன்."

கைதட்டல் கிளம்பிவிட்டது. கல்வி வள்ளல் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மதிவதனி அது ஓயும் வரை மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெல் அடிக்கிறவர் கையை மணிமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேனு குடுக்கறேன்னீங்களே, ரொம்ப சந்தோசங்க," என்றாள். "உங்க மனசு பெரிய மனசுங்க. ஆனா நீங்க எழுதறது எங்க ஊருக்கு மட்டும் இல்லீங்களே. நாட்டுக்கே எழுதறீங்க. எங்களுக்கு வேனு குடுத்தர்றீங்க, எங்கள மாதிரி இருக்கற மத்த ஊருக்கெல்லாம் யாருங்க குடுப்பாங்க? அந்த ஊருக்காரங்க எல்லாம் உங்க முன்னால வந்து நிக்க முடியுங்களா? வேனு வேண்டாங்க. அந்த வரிய அடிச்சுப்போடுங்க."

பெல் அடிக்க வேண்டியவர் அடிக்க மறந்துவிட்டார். டெல்லி அதிகாரிகளுக்குப் பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல, இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ராமுலு அன்று முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்தான். கண்ணாடியை எடுத்து மாட்டி, வேறு யாரையும் எழுதச் சொல்லாமல், தானே எதையோ எழுதினான். பிறகு, "பாக்கறேன் அம்மணி," என்றான். குரலில் சத்தம் குறைவாக இருந்தது.

சுப்பண்ணன் எழுந்து நின்று தட்டினார். அவர் எதிரே இருந்த காலேஜ் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரும் தட்டினார்கள்.

பங்காரம்மா தட்டவில்லை. பொன்னாடை தோளில் கனத்தது. இப்போது அவளுக்கு வந்த எரிச்சல் புதுசு. ராமுலுவின் மேல் அது இல்லை. பணத்துக்கும் பதவிக்கும் பொறாமைப்பட்டு அவளுக்குப் பழக்கம். அதற்கு ஒரு சமாதானம் கையோடு இருக்கும், அவன் படிக்காதவன், அப்பன் சொத்து, பெண்டாட்டி சொத்து என்று. இந்தப் பெண்ணிடம் அப்படி எதுவும் இல்லை. எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. அந்த வார்த்தை, மத்த ஊருக்கு யார் கொடுப்பார்கள் என்ற அந்த ஒரு வார்த்தை, முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு ஏன் வரவில்லை? என் மாணவி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது. இவள் வெள்ளகோவிலில் பிறந்து, பங்காரம்மா ஓய்வு பெற்ற பிறகு நொச்சிப்புதூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வெள்ளகோவிலில்கூடப் பங்காரம்மா வேலை பார்த்தது இவள் பிறப்பதற்கு முன்னால். அதையும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் பேப்பரில் வந்தது ராமுலு அவளுக்குப் பொன்னாடை போர்த்துகிற படம். "மாமன் மகளின் செல்லக் கேலி" என்று மேலே போட்டிருந்தது. மதிவதனி பேசியது உள்பக்கத்தில் மூன்று வரி, பெயர் இல்லாமல். பெண் ஒருவர் என்று இருந்தது.

கெங்குசாமி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்த தமாஷை விழுங்கிக்கொண்டார்.

"எழுத்து மூலமா பத்து நாளைக்குள்ள அனுப்பலாம்னு கீழ போட்டிருக்குது," என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் அவள் வெளியே தலை காட்டவில்லை. நான்காம் நாள் முழு வெள்ளைத்தாள் பத்து வாங்கிக்கொண்டு நொச்சிப்புதூர் பஸ் ஏறினாள். மதிவதனி அப்போதுதான் தக்காளி பறித்துவிட்டு வந்திருந்தாள், கையில் பச்சை வாடை.

"அன்னைக்கிப் பேசினத மறுபடி சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

அவள் சொல்லச் சொல்லப் பங்காரம்மா எழுதினாள். யானை நேரம் வந்தது, பால்காரர் வந்தார், வேன் வந்தது. மற்ற ஊருக்கு யார் கொடுப்பார்கள் என்ற இடத்தில் பேனா நின்றது. அதை இன்னும் நயமாக எழுதலாம் என்று தோன்றியது. ஏனைய குக்கிராமங்களின் நிலை யாது என்று ஒரு வரி மனசில் தயாராக நின்றது. அப்படி எழுதினால் அது தன் வரி ஆகிவிடும்.

"மாத்தோணும்னா மாத்திக்குங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாள் மதிவதனி.

பங்காரம்மா அவள் சொன்னதையே எழுதினாள். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

"மொதக் கையெழுத்து நீ போடு."

"அய்யோ, நீங்க இருக்கறப்ப நானெப்படிங்க? தலைமை டீச்சருங்க நீங்க."

"போடு கண்ணு. இன்னுஞ் சித்த நேரம் போனா எனக்கே மனசு மாறிக்கும்."

மதிவதனி சிரித்துக்கொண்டே போட்டாள், அதை விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து. அவளுக்குக் கீழே மற்ற தாய்மார் வந்து போட்டார்கள், தோட்டத்துக்குப் போயிருந்தவர்களுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று கையெழுத்துக்குப் பிறகு, கடைசியாகப் பங்காரம்மா போட்டாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை என்று அடைப்புக்குறிக்குள் எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டாள்.

ராமுலு இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான். கொள்கை இன்னும் வரவில்லை. அந்த வரியை அடித்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நசுருதீன் பேக்கரியில் அதற்கும் இரண்டு கட்சி.

அன்றைக்குத் தாளை மடித்துக் கவரில் போடும்போது, மதிவதனி மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், உங்ககிட்டக் கேக்கோணும்னே இருந்தனுங்க. அன்னைக்கி நானு நல்லாப் பேசினனுங்களா? யாருமே ஒண்ணும் சொல்லலீங்க. எனக்குப் பயத்துல ஒண்ணுமே நெனப்புல இல்ல."

பங்காரம்மா மோரைக் குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டுத்தான் டம்ளரை வைத்தாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு, அசடுகளுக்குக்கூட, நல்லா செஞ்சே என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த கை அவளுடையது. அந்த ஒரு சொல்லை இப்போது வாயால் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. மதிவதனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய விட நல்லாப் பேசின," என்றாள் பங்காரம்மா.

சொன்ன பிறகும் அந்த எரிச்சல் இருக்கத்தான் செய்தது. மூணேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது அஞ்சு மணிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே, கவரைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.